சாவா மூவாப் பேராடும் பத்து லட்சம் ரூபாயும்

வாசகர் கேள்வி

திருமங்கலம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயது 71. என் மனைவி மதுரை வட்டாரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தாவரவியல் எம்.எஸ்சி. படித்து, முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள். போன வைகாசியில் காலமாகிவிட்டாள். அவள் சேமிப்பில் பத்து லட்சம் ரூபாய் இருக்கிறது. படித்த இடத்துக்கே அதைக் கொடுத்துவிட நினைக்கிறேன். விசாரித்ததில், தங்கப் பதக்கம் வைக்கலாம், அறக்கட்டளைச் சொற்பொழிவு வைக்கலாம், வகுப்பறைக்குப் பெயர் போடலாம் என்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகனும், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மகளும் ஆளுக்குக் கொஞ்சம் சேர்க்கிறோம் என்கிறார்கள். மைத்துனரோ, "கவர்ன்மென்ட் நடத்துற இடத்துக்கு நீ ஏன் கொடுக்கணும்? கிணத்துல போட்ட கல்லுதான்" என்கிறார். பணம் பத்திரமாக இருக்குமா? வரிச்சலுகை உண்டா? எப்படிக் கொடுப்பது நல்லது?

ஆடிட்டர் பதில்

ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில், உங்கள் வீட்டம்மா பள்ளிப் பிள்ளைகளை அழகர்மலைக்குக் கூட்டிப்போய் இலையையும் பூவையும் கையில் கொடுத்துப் பாடம் நடத்துவார் என்று ஒரு வரி இருந்தது. அதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டேன். பிறகு வருகிறேன் அதற்கு.

முதலில் மைத்துனர். அவர் சொல்வதில் பாதி சரி. ஆனால் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அரசாங்கமே எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்துவிடும் என்று நினைப்பது மீதிப் பாதித் தப்பு. மானியம், மாணவர் கட்டணம், இணைப்புக் கல்லூரிகளின் தேர்வுக் கட்டணம் என்று வருகிற காசில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விடுகிறது. அதற்கே இழுபறி என்று அடிக்கடி பத்திரிகையில் படிக்கிறோம். மாதக் கடைசியை எப்படித் தாண்டுவது என்று கணக்குப் போடுகிற இடத்தில், பத்து வருடம் கழித்துத் தொடங்க வேண்டிய பாடப்பிரிவைப் பற்றி யார் யோசிப்பார்? பழுதான நுண்ணோக்கியை மாற்றுவது, மாநாட்டுக்குப் போகும் ஆராய்ச்சி மாணவிக்கு ரயில் செலவு கொடுப்பது போன்றவை எல்லாம் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்ற கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். கொடையாளருக்கு வேலை இருப்பது அந்தக் கோப்பில்தான்.

நம் பக்கத்தில் இது புதிய பழக்கமும் இல்லை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் முன்னின்று மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார். மில் நடத்திய கருமுத்து தியாகராசச் செட்டியார் 1949இல் கலைக் கல்லூரியும் 1957இல் பொறியியல் கல்லூரியும் தொடங்கினார். காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் வர வேண்டும் என்பதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் எடுத்துக் கொடுத்தார். அது 1940களின் 15 லட்சம் என்பதை மறக்கக்கூடாது. அவர்கள் ஒற்றை ஆளாக ஒரு நிறுவனத்தையே தூக்கி நிறுத்தக்கூடியவர்கள். நாம் அப்படி இல்லை. கொடுக்கிற தொகை சின்னதாக இருக்கும்போதுதான் யோசனை பெரிதாக இருக்க வேண்டும்.

இன்றைக்குப் பெரிய தொகை கொடுப்பவை கம்பெனிகள். நிகர லாபம் 5 கோடியைத் தாண்டும் கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவழிக்க வேண்டும் என்பது சட்டம். கல்வியும் அதில் சேரும். ஆனால் 2021 ஜனவரிக்குப் பிறகு அந்தப் பணத்தை யாருடைய மூலநிதியிலும் (அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுக்கிற நிதி) போட முடியாது. அதனால் கம்பெனிப் பணம் கட்டடமாக, பேருந்தாக, கணினி ஆய்வகமாக வரும்; திறப்பு விழா நடக்கும்; போட்டோ எடுப்பார்கள். குறையாகச் சொல்லவில்லை, அதுவும் வேண்டும். ஆனால் வருடா வருடம் தானாக ஊறிக்கொண்டே இருக்கிற பணம் தனி மனிதர்களிடமிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. உங்கள் பத்து லட்சத்தை நான் சாதாரணமாக நினைக்காததற்குக் காரணம் இதுதான்.

இனி, எப்படிக் கொடுப்பது என்பதற்கு வருவோம். கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோழர், பாண்டியர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடு விட்ட செய்தி நிறைய வரும். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு, சில இடங்களில் 90. ஆடுகளை இடையர் ஒருவர் பொறுப்பேற்று, நாளுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத ஆடு எங்கே இருக்கிறது? இல்லை. செத்த ஆட்டுக்குப் பதில் பிறந்த குட்டி எண்ணிக்கையில் ஏறிவிடும். கணக்கில் 96 என்றைக்கும் 96தான். எழுதிவைத்தவர் கண்டிப்பாக என் தொழில்காரராகத்தான் இருந்திருப்பார்.

வங்கியில் போடுகிற வைப்புத்தொகை இந்த மாதிரி இல்லை. லட்சம் ரூபாய் எப்போதும் லட்சம் ரூபாயாகவே நிற்கும், உண்மை. ஆனால் அது கிழடாகிக்கொண்டே போகும். வட்டி முழுவதையும் செலவழிப்பது, பிறக்கிற குட்டியை எல்லாம் அடித்துச் சாப்பிடுவது போல.

தங்கப் பதக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடங்களுக்கு முன்பு ஒரு கல்வி நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்தேன். 1980களின் நடுவில் ஒருவர் தன் தகப்பனார் பெயரில் தங்கப் பதக்கம் கொடுக்க 10,000 ரூபாய் கட்டியிருந்தார். அன்றைக்குப் பவுன் இரண்டாயிரத்துக்குள். இரண்டு வருட வட்டியில் ஒரு பவுன் வாங்கிவிடலாம் என்று அவர் போட்ட கணக்கு அன்றைக்குச் சரி. 2025இல் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டிப் போய்விட்டது. அந்த 10,000க்கு 7 சதவீதம் வைத்தால் வருடத்துக்கு 700 ரூபாய் வரும், குன்றிமணித் தங்கம்கூட வராது. தங்கம் முதலில் தங்க முலாம் ஆகி, பிறகு சான்றிதழ் மட்டும் ஆகிவிட்டது. யாரும் திருடவில்லை ஐயா. எல்லாக் கணக்கும் நேர். பணம் கிழடாகிச் செத்துப்போனது, அவ்வளவுதான்.

ஆகவே பதக்கம் வேண்டாம் என்பேன். சொற்பொழிவும் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. நல்ல பேச்சும் கேட்டிருக்கிறேன். ஆனால் பல அறக்கட்டளைச் சொற்பொழிவுகளில் மாணவர்களை வருகைப்பதிவு காட்டி உட்கார வைத்து, பேச்சாளருக்குப் பொன்னாடை போர்த்தி, மதியச் சாப்பாட்டோடு முடித்துவிடுகிறார்கள். வகுப்பறைப் பெயரோ, அடுத்த தடவை தரம் மதிப்பிட நாக் (NAAC) குழு வரும்போது அடிக்கிற வெள்ளையில் மறைந்துவிடலாம்.

ஒவ்வொரு லட்சத்துக்கும் இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 சதவீதத்தில் வருடத்துக்கு 7,000 ரூபாய் வருகிறது. அதில் 4,000 மட்டும் செலவழித்து, 3,000 ரூபாயைத் திரும்ப மூலநிதியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வருடா வருடம் இதே விகிதத்தில் போனால், இருபது வருடத்தில் அந்த லட்சம் சுமார் 1,80,000 ஆகும். செலவுக்கு வருவது 7,200. முப்பதாவது வருடம் ஏறத்தாழ 2,42,000; செலவுக்கு 9,700. முதல் இருபது வருடம் பிள்ளைகளுக்குப் போவது குறைவுதான், ஒளிக்கவில்லை. விலைவாசியை இது முழுக்கப் பிடித்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கூடவே ஓடிக்கொண்டாவது இருக்கும். வட்டி முழுவதையும் செலவழிக்கிற வைப்பு முதல் நாளே உட்கார்ந்துவிடும்.

உலகத்தில் பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் இப்படித்தான் பிழைக்கின்றன. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாடு அரசே 10 கோடி ரூபாய் கொடுத்தது. ஒரே ஒரு பேராசிரியர் நாற்காலிக்கு இவ்வளவா என்று டீக்கடை வரைக்கும் பேச்சு நடந்தது. மூலத்தைத் தொடவே மாட்டார்கள் என்பதுதான் காரணம். வருடத்துக்கு நாலரை சதவீதம் எடுத்தால் 2,70,000 டாலர். பேராசிரியர் சம்பளமும் நூலகமும் ஆராய்ச்சியும் அதற்குள் நடக்க வேண்டும். ஆடு அங்கேயே நிற்கும், நெய் மட்டும் வரும்.

சரி, இந்தப் பணம் எதற்குப் போக வேண்டும்? 'ஏழை மாணவர்களுக்கு' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். அரசுப் பணம் ஏற்கெனவே போகிற இடத்தில் நம் பணமும் போய் நிற்பதில் பிரயோஜனம் குறைவு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆனால் இளநிலைப் பட்டத்தோடு அது நின்றுவிடும். உசிலம்பட்டியிலிருந்து பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி. சேர்கிற பெண்ணுக்கு, செலவு கூடுகிற நேரத்தில் அந்த ஆயிரமும் இல்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். விடுதி மெஸ் பில் இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் 'போதும், வீட்டுக்கு வா' என்று சொல்ல அது ஒரு சாக்காகிவிடும். அந்த மெஸ் பில்லைக் கட்ட ஒரு ஏற்பாடு இருந்தால், அது எந்தப் பதக்கத்தையும் விடப் பெரிய வேலை.

இப்போது அந்த அழகர்மலை வரிக்கு வருகிறேன். தாவரவியல் படிக்கிற பிள்ளைக்குக் களப்பயணம் உயிர். சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோ போய்ச் செடியை அது நிற்கிற இடத்தில் பார்க்க வேண்டும், சேகரிக்க வேண்டும், காய வைத்து ஒட்டி, பெயரும் இடமும் தேதியும் எழுதித் துறையின் உலர்தாவரத் தொகுப்பில் வைக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் இல்லாத வருடத்தில் மாணவர்களிடமே வசூல் செய்வார்கள். கொடுக்க முடியாத பிள்ளை 'காய்ச்சல்' என்று சொல்லி வீட்டில் இருந்துவிடும். என் யோசனை இது. ஏழு லட்சத்தை மூலநிதியாக வையுங்கள், உங்கள் வீட்டம்மா பெயரில், களப்பயணத்துக்கும் தாவரத் தொகுப்புப் பராமரிப்புக்கும். மேலே சொன்ன கணக்கில் முதல் வருடமே 28,000 ரூபாய் செலவுக்கு வரும். சிறுமலைக்கு வேன் வாடகை, சாப்பாடு, ஒட்டும் தாள், பூச்சி மருந்து எல்லாவற்றுக்கும் ஆகும். மீதி மூன்று லட்சத்தை மூலநிதியாக வைக்கவே வேண்டாம். வருடத்துக்கு 60,000 வீதம் ஐந்து வருடத்தில் எம்.எஸ்சி. பெண்களின் மெஸ் பில்லுக்குச் செலவாகித் தீர்ந்துபோகட்டும். எல்லாப் பணத்தையும் எதிர்காலத்துக்கே எழுதி வைத்துவிட்டு, இன்றைக்குப் பசியோடு இருப்பவளிடம் 'இருபது வருடம் பொறு' என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

பத்திரமாக இருக்குமா என்று கேட்டீர்கள். நான் பார்த்த இன்னொரு இடத்தில் பதினோரு அறக்கட்டளைகளின் பணமும் ஒரே சேமிப்புக் கணக்கில் கலந்து கிடந்தது. எது யாருடையது என்று பழைய நோட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அதனால் 'அன்பளிப்பு' என்று மட்டும் ரசீது வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மொய் எழுதுவதற்கே நம் ஊரில் தனி நோட்டு போடுகிறோம், இதற்கு வேண்டாமா?

பணம் கொடுக்கும் கடிதத்திலேயே 'இது மூலநிதியில் சேர்வதற்காக மட்டும்' என்று வெளிப்படையாக எழுதுங்கள். வருமான வரிச் சட்டத்திலும் இந்த எழுத்துக்கு மதிப்பு உண்டு. எழுத்து இல்லையென்றால் அது அந்த வருடத்து வருமானமாகப் போய்ச் செலவாகிவிடலாம். நிதியை ஏற்றுக்கொண்டதாகப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட் தீர்மானம் நிறைவேற்றி, அதன் எண்ணையும் தேதியையும் உங்களுக்குத் தர வேண்டும். பணம் தனி வைப்பாக, உங்கள் வீட்டம்மா பெயர் தாங்கிய தலைப்பில் இருக்க வேண்டும். செலவுக்கு நாலாயிரம், மூலநிதிக்கு மூவாயிரம் என்று மேலே சொன்ன பிரிவினை ஒப்பந்தத்தில் சதவீதமாகவே இருக்கட்டும், ரூபாயாக வேண்டாம். ஏதாவது ஒரு வருடம் பயணம் நடக்காவிட்டால் அந்தத் தொகையும் மூலநிதியில் சேர வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, வைப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு, யார் யார் போனார்கள் என்று ஒரு பக்கக் கடிதம் உங்களுக்கு, உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகளுக்கு வர வேண்டும். இந்தக் கடிதத்தைக் கேட்பதற்குச் சங்கடப்படாதீர்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் கணக்கு நேராக இருக்கும். என் அனுபவத்தில் பூட்டுச் சாவியை விட இது பலமானது.

இன்னொரு பிரிவை நானே வற்புறுத்திச் சேர்க்கச் சொல்வேன். நாளைக்கு அந்தத் துறையே இல்லாமல் போகலாம், வேறு துறையோடு சேரலாம், பெயர் மாறலாம். அப்போது 'இந்த நோக்கத்துக்கு மிக நெருக்கமான வேறு நோக்கத்துக்கு, குடும்பத்துக்குத் தெரிவித்துவிட்டு, சிண்டிகேட் மாற்றலாம்' என்று ஒரு வாசகம் இருக்கட்டும். இல்லையென்றால் பணம் முடங்கும், அல்லது கோர்ட்டுக்குப் போக வேண்டும். உயில் எழுதிவைத்தும் சிக்கிக்கொண்ட கதை சென்னையில் உண்டு. பச்சையப்ப முதலியார் இறந்தது 1794இல். அவர் விட்டுச்சென்ற தர்மப் பணம் வழக்குகளைத் தாண்டிப் பள்ளிக்கூடமானது 1842இல். நடுவில் கிட்டத்தட்ட ஐம்பது வருடம். அறத்தை இறுக்கிக் கட்டினாலும் கஷ்டம், கட்டாமல் விட்டாலும் கஷ்டம். செடிக்கு நடுகிற குச்சி மாதிரி, தாங்க வேண்டும், நெரிக்கக்கூடாது.

வரி விஷயம் சுருக்கமாக. உங்கள் ஓய்வூதியமும் வட்டியும் சேர்த்து வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால், புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து உங்களுக்கு வரியே இல்லை. அந்த முறையில் நன்கொடைக் கழிவும் கிடையாது. பழைய முறையில் இருந்தால் 80ஜி என்ற பிரிவில் நன்கொடைக் கழிவு உண்டு. பெரும்பாலான இடங்களுக்குக் கொடுத்ததில் பாதிதான், அதுவும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற உச்சவரம்புக்குள். 8 லட்சம் வருமானம் என்றால், பத்து லட்சம் கொடுத்தும் கழிவு 40,000 ரூபாய்தான். மீதியை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு, யாராவது வேறு எண் சொன்னால் குழம்ப வேண்டாம்.) வரிக்காகக் கொடுக்கிற ஆள் நீங்கள் இல்லை என்று தெரிகிறது. எப்படியும் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள்.

பிள்ளைகள் சேர்க்கும் பணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மகன் இன்னமும் இந்திய பாஸ்போர்ட்தானே? அப்படியென்றால் அவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, நேராக அனுப்பலாம். மகள் அமெரிக்கக் குடிமகள். இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓ.சி.ஐ. அட்டை கையில் இருந்தாலும் அவர் கொடுப்பது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி இருக்கிறதா, அதற்கான கணக்கு டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் இருக்கிறதா என்று நிதி அலுவலரிடம் முதலிலேயே கேளுங்கள். 'அப்பாவுக்கு அனுப்பி, அப்பா பெயரில் கொடுத்துவிடலாம்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். நல்ல காரியத்தில் சுற்று வழி எதற்கு? வழி இல்லையென்றால், அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அம்மா எழுதிவைத்த செடிக் குறிப்புகளை ஸ்கேன் செய்து துறைக்குக் கொடுக்கட்டும். அதுவும் கொடைதான், அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது, அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் துறைக்குப் போவது. துறைத் தலைவரைப் பார்த்து, கடைசியாக எந்த மலைக்குப் போனீர்கள், எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வரவில்லை என்று கேளுங்கள். அப்படியே அந்தத் தாவரத் தொகுப்பு அலமாரியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். 80களில் ஒட்டிய தாள்கள் இருந்தால், சேகரித்தவர் பெயர் என்ற இடத்தில் ஒரு கண் வையுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நகலை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள்.